மருந்துக் கடைக்கு இணையச் செயலி: நாம் கேட்டுப் பெற வேண்டியவை



மருந்துக் கடையின் இருப்புக் கணக்கையும், வாடிக்கையாளர் மருந்துச் சீட்டை முன்கூட்டி அனுப்பிவிட்டுப் பிறகு வந்து வாங்கிச் செல்லும் ஏற்பாட்டையும் ஒரே இணையச் செயலியில் அமைத்துத் தர இன்று பலர் முன்வருகிறார்கள். பணம் கொடுக்கும் முன் அவர்களிடம் நாம் கேட்டுப் பெற வேண்டியவை சில உண்டு. காலாவதி தேதியுள்ள சரக்கை விற்கும் பலசரக்கு வணிகருக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலாவது, இருப்பை மருந்தின் பெயரால் மட்டும் வைக்கக் கூடாது. பேட்ச் எண், காலாவதி தேதி, விலை ஆகியவற்றோடு வைக்க வேண்டும். ஒரே மாத்திரையில் மூன்று பேட்ச் இருந்தால் அவை மூன்று தனி இருப்புகள். முந்தி வந்தது முந்திப் போக வேண்டும் என்பது நமது பழைய வழக்கம். மருந்துக்கு அது போதாது. முந்திக் காலாவதியாவதே முந்திப் போக வேண்டும். காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே செயலி எச்சரித்தால்தான் மொத்த வியாபாரியிடம் கெடுவுக்குள் திருப்ப முடியும். கெடு தவறினால் நஷ்டம் சில்லறைக் கடைக்கே. ஒரு பேட்ச் தரமற்றது என்று அரசு அறிவித்தால், அது யாருக்கெல்லாம் விற்கப்பட்டது என்பதும் உடனே தெரிய வேண்டும். இதில் ஓர் உயிரே அடங்கியிருக்கலாம்.

இரண்டாவது, நாம் வாங்குவது பெட்டிக் கணக்கில். விற்பது அட்டையாக, சில வேளை நான்கே மாத்திரையாக. ஆகவே இருப்பு மாத்திரை எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஓர் அட்டையில் 10 மாத்திரையா, 15 மாத்திரையா என்பதை முதலிலேயே பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, கடைசி இரண்டு அட்டைகளை ஒரே நேரத்தில் இருவர் கேட்கலாம். முதல் கோரிக்கையை ஏற்றவுடன் அந்த அட்டைகளை 'ஒதுக்கியது' என்று செயலி பிரித்துக் காட்ட வேண்டும். கையில் கொடுத்த பிறகே இருப்பிலிருந்து கழிக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் வாங்க வராவிட்டால் ஒதுக்கீடு தானே நீங்க வேண்டும்.

நான்காவது, சட்டம். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி எச் பட்டியல் மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றிச் சில்லறையில் விற்கக் கூடாது. 2014 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள எச்1 பட்டியல் மருந்துகளுக்கு மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். கைப்பேசியில் வந்த படத்தை மட்டும் நம்பிக் கொடுக்காமல், வாங்க வரும்போது அசல் சீட்டைப் பதிவு பெற்ற மருந்தாளுநர் பார்த்துச் சரி சொன்ன பிறகே பில் போடும்படி செயலி இருக்க வேண்டும். ஒரே எழுத்து மாறினால் வேறு மருந்தாகிவிடும் பெயர்கள் பல உள்ளன.

வாடிக்கையாளரின் நோய் விவரம் ரகசியமானது. ஆகவே ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் அவசியம்.

இறுதியாக, தொடக்க இருப்பு தவறானால் எவ்வளவு நல்ல செயலியும் பொய்க் கணக்கே காட்டும். எனவே ஓர் அலமாரியை மட்டும் கையால் எண்ணிப் பதிந்து, ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். மாத முடிவில் எண்ணிக்கை ஒத்திருந்தால் மற்ற அலமாரிகளுக்குச் செல்லலாம்.