விசேஷத்துக்கு வீட்டை அகலமாக்குறீங்களா? சுவரை இடிக்கும் முன் உத்திரத்தைப் பாருங்க!

தேனி,

மண்டப வாடகை கட்டுப்படியாகாமல் காதுகுத்து, சடங்கு, கெடா விருந்தை வீட்டிலேயே வைத்துக் கொள்ளும் குடும்பங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் உண்டு. சின்னமனூர், உத்தமபாளையம், போடி பக்கம் தாத்தா காலத்து வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஆசை. உள்ளே பட்டாசாலையில் சொந்தபந்தம் உட்காரணும், முற்றத்தில் பந்தி ஓடணும், நடுவில் தடுப்பு கூடாது. ஆசை நியாயம்தான். ஆனால் அந்த நடுச்சுவரில்தான் ஆபத்தே இருக்கிறது!

உத்திரம் எங்கே உட்காருது?

இப்போது கட்டும் வீடுகளில் பெரும்பாலும் கான்கிரீட் தூணும் பீமும் பாரம் தாங்கும். பழைய காரை வீடு, ஓட்டு வீட்டில் கனமான சுவர்தான் எல்லாமே. உத்திரத்தின் முனை எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறதோ, மேல் பாரம் அங்கேதான் இறங்கும். மண் சாந்து, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் வேறு. ஒரு இடத்தில் உடைத்தால் பக்கத்திலும் உதிரும். ‘ரெண்டு நாள்ல முடிச்சுரலாம்ணே’ என்று கடப்பாரையைத் தூக்குபவரை நம்பினால் கூரையே தலையில் இறங்கிவிடும்.

முதலில் உத்திரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டு கொடுக்க வேண்டும். அப்புறம் இன்ஜினியர் சொல்லும் அளவில் இரும்பு கர்டர். அதன் முனைகள் வெறும் செங்கலில் இல்லாமல் கான்கிரீட் திண்டில் உட்கார வேண்டும். அதன் பிறகுதான் கீழே சுவரை கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்றால் தொடவே வேண்டாம். அங்கே விரிசல் விட்டால் பஞ்சாயத்து போலீஸ் ஸ்டேஷன் வரை போகும்!

முற்றத்தை மூடலாமா?

கான்கிரீட் போட்டு மூடினால் வெளிச்சமும் போச்சு, காற்றும் போச்சு. நூறு பேர் உட்கார்ந்தால் புழுங்கித் தள்ளும். கூரையை ஓட்டுக்கு மேலே ஒன்றரை அடி தூக்கி, நாலு பக்கமும் இடைவெளி விட்டு ஷீட் போட்டால் சூடு மேலே போய்விடும். திருட்டு பயத்துக்கு கம்பி வலை போதும். ஆனால் ஆனி, ஆடியில் மேற்கே கணவாய் வழியாக வரும் காற்று லேசுப்பட்டதல்ல. ஆண்டிபட்டி பக்கம் காற்றாலை வைத்திருப்பதே அதை நம்பித்தான். ஓரத்து ஷீட்டுகளுக்கு போல்ட்டை நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்க.

பந்தி போடும் தரையில் வழுவழு டைல்ஸ் வேண்டாம். ரசம் சிந்தினால் பெருசுகள் வழுக்கி விழும். சொரசொரப்பான பழைய கல் இருந்தால் அதுவே தேவலை. முற்றத்து மழைத் தண்ணியை தெருவில் விடாமல் உறைகிணற்றில் இறக்கணும். 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. கோட்டை அடுப்பும் கேஸ் சிலிண்டரும் ஷீட்டுக்கு அடியில் கூடவே கூடாது. அதெல்லாம் கொல்லைப்புறத்தில்தான்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசுவதும் தப்பு. உள்ளே ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பெயர்ந்து விழும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் பெயர் வாங்கிய கட்டிடக்கலைஞர் லாரி பேக்கர், 2007-ல் மறையும் வரை சுண்ணாம்பையும் பழைய ஓட்டையும் விடவில்லை. 1990-ல் பத்மஸ்ரீ வாங்கியவர்!

முற்றத்தைச் சுற்றி நிற்கும் மரத்தூண்களும் தாழ்வாரக் கூரையைத் தாங்குபவைதான். இடிக்கிற வேலை நடக்கும்போதே ‘பழைய மரம் இருக்கா’ என்று ஆள் வந்துவிடுவார். காரைக்குடியில் பழைய தூணும் கதவும் விற்கவே தனியாக கடைகள் இருக்கின்றன. அங்கே என்ன விலை போகுதுன்னு விசாரிக்காமல், விறகு விலைக்குத் தூக்கிக் கொடுத்துடாதீங்க.