கிராமுக்கு ரூ. 2.50: ரூபி சாக்லேட்டின் வரவு செலவு

ரூபி சாக்லேட் கிலோ ரூ. 2,500 என்று வைத்துக்கொள்வோம். கடைக்குக் கடை மாறும், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குக்கு ஒரு முழு எண் வேண்டும், அவ்வளவுதான். அப்படியானால் கிராம் ரூ. 2.50. அசல் டார்க் சாக்லேட் கிலோ ரூ. 1,300, அசல் வெள்ளை ரூ. 1,500, க்ரீம் லிட்டர் ரூ. 400, முந்திரி கிலோ ரூ. 1,000, சர்க்கரை ரூ. 45, பால் லிட்டர் ரூ. 60. உங்கள் ஊர் விலையைப் போட்டால் தொகை மாறும். நான் சொல்ல வரும் விகிதங்கள் பெரிதாக மாறாது.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். ஸ்விட்சர்லாந்தின் பாரி கேலிபோ நிறுவனம் 2017 செப்டம்பரில் ஷாங்காயில் இதை அறிமுகப்படுத்தியது. 2018 ஜனவரியில் ஜப்பானில் ரூபி கிட்கேட் வந்தது. பேக்கரிக்காரர்கள் வாங்கும் ஆர்பி1 வகையில் கோகோப் பொருள் 47.3%, பால் பொருள் 26.3%. கூட்டினால் 73.6. மீதி 26.4 சதவீதத்தில் பெரும்பங்கு சர்க்கரை. கொஞ்சம் லெசித்தின், சிட்ரிக் அமிலம், வெனிலா. பழமும் இல்லை, நிறமியும் இல்லை. இளஞ்சிவப்பு கோகோ விதையிலிருந்தே வருகிறது. முழுச் செய்முறையை நிறுவனம் வெளியே சொல்லவில்லை. ஆனால் சமையலறையில் கையாள்பவருக்கு ஒன்று தெளிவாகத் தெரியும்: இந்த நிறம் புளிப்பில் நிற்கும், நீரிலும் சூட்டிலும் வெளிச்சத்திலும் போய்விடும். கணக்கு முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கிறது.

அதே நிறுவனத்தின் வழக்கமான வெள்ளைச் சாக்லேட்டில் கோகோ 28%. ரூபியில் அதைப்போல ஒன்றே முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ டன் 12,000 டாலரைத் தாண்டியபோது எந்தச் சாக்லேட்டுக்கு அதிகம் வலித்திருக்கும் என்று இதிலேயே தெரியும். வரி மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரியோடு ரூ. 2,500 என்றால் வரி நீங்கலாக ரூ. 2,381, பழைய விகிதமே இருந்திருந்தால் ரூ. 2,810 ஆகியிருக்கும். ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் வீட்டிலிருந்து கேக் செய்பவர் கொடுத்த வரியைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே இந்த 310 ரூபாய் அவருக்கு நேரடி மிச்சம்.

இனி ஒரு கிலோ கேக். பலர் செய்வது இப்படி: ஸ்பாஞ்ச் மாவில் 150 கிராம் ரூபி, மேலே பூச 300 கிராம் ரூபி கனாஷ்.

மாவில் போகும் 150 கிராமின் விலை ரூ. 375. அடுப்பில் 170 அல்லது 180 டிகிரியில் அரைமணி நேரத்துக்கு மேல் இருந்து வெளியே வரும்போது அது பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு நிறம். மாவில் சமையல் சோடா இருந்தால் இன்னும் மோசம்; காரம் பட்டாலே இந்தச் சிவப்பு சாம்பல் நீலத்தின் பக்கம் சாயும். ரூபிக்கே உரிய பெர்ரிப் புளிப்பும் மாவு, முட்டை, வெண்ணெயின் நடுவே காணாமல் போகிறது. சாப்பிடுகிறவர் வெள்ளைச் சாக்லேட் கேக் என்றுதான் நினைப்பார். ரூ. 375 செலவு, வரவு பூஜ்யம். இந்த வரியை அடித்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

கனாஷில் வேறொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. டார்க் சாக்லேட் கனாஷ் சாக்லேட்டும் க்ரீமும் சரிபாதி போட்டாலே கெட்டிப்படும். ரூபி வெள்ளைச் சாக்லேட் போலத்தான் நடந்துகொள்ளும். பூசும் பதத்துக்கு 3 பங்கு சாக்லேட்டுக்கு 1 பங்கு க்ரீம் வேண்டும். ஆக 300 கிராம் டார்க் கனாஷுக்கு 150 கிராம் சாக்லேட் (ரூ. 195), 150 கிராம் க்ரீம் (ரூ. 60), மொத்தம் ரூ. 255. ரூபியில் 225 கிராம் சாக்லேட் (ரூ. 562.50), 75 கிராம் க்ரீம் (ரூ. 30), மொத்தம் ரூ. 592.50. கிலோ விலையில் ரூபி டார்க்கைவிட 1.9 மடங்கு, கனாஷ் ஆனதும் 2.3 மடங்கு. கிலோ விலையை மட்டும் பார்த்து கேக்குக்கு விலை சொன்னவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான்.

மாவும் பூச்சும் சேர்த்து ரூபிக்கு மட்டும் 375 கிராம், ரூ. 937.50. கேக்கை ரூ. 1,200-க்கு விற்பவருக்கு அதில் 78% முட்டை உடைக்கும் முன்பே போயிற்று.

மாற்று என்ன? உள்ளே சாதாரண வெனிலா ஸ்பாஞ்ச். நடுவிலும் சுற்றியும் க்ரீம். மேலே மட்டும் மெல்லிய ரூபிப் பூச்சும், உடைத்துச் செருகிய நாலைந்து துண்டுகளும்: 80 கிராம், ரூ. 200. கண்ணுக்குப் படுவது அதே இளஞ்சிவப்பு. நாக்கில் முதலில் படுவதும் அதுதான். கனாஷ்தான் வேண்டும் என்பவர் க்ரீமில் பாதியை எடுத்துவிட்டு ஸ்ட்ராபெரிக் கூழைச் சேர்க்கலாம். அந்தப் புளிப்பு நிறத்தைப் பிடித்துவைக்கும். இன்னொரு வழியும் உண்டு, ரூபி விற்பவர்களுக்குப் பிடிக்காது: உள்ளே வைக்கும் கனாஷுக்கு வெள்ளைச் சாக்லேட்டும் உறைய உலர்த்திய ஸ்ட்ராபெரிப் பொடியும் போதும். கிலோவுக்கு 40 கிராம் பொடி, பொடி கிலோ ரூ. 6,000 என்றாலும் ரூ. 240, மொத்தம் ரூ. 1,740. சிவப்பும் கூடுதல், புளிப்பும் கூடுதல். ஆனால் அதை ரூபி என்று சொல்லி விற்கக்கூடாது.

நம் இனிப்புகளுக்கு வருவோம். ரசமலாய்ப் பாலில் ரூபியைக் கரைப்பது அடிக்கடி கண்ணில் படுகிறது. பாலின் பிஹெச் 6.6 அருகில்; ஏறக்குறைய நடுநிலை. அதில் கரைந்த ரூபி மங்கிய ஊதாச் சாம்பலாகும். குங்குமப்பூ சேர்ந்தால் அந்தக் கலவைக்குப் பெயர் சொல்வதே கடினம். விட்டுவிடலாம்.

ஸ்ரீகண்டில் நிலைமை நேர்மாறு. தயிரின் புளிப்பு ரூபிக்கு உறவு. ஒன்றேகால் லிட்டர் பாலில் (ரூ. 75) துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் சுமார் 500 கிராம் வரும். 150 கிராம் உருக்கிய ரூபி ரூ. 375. சர்க்கரை 60 கிராம் போதும், ரூ. 3, ரூபியிலேயே இனிப்பு இருக்கிறது. மொத்தம் 710 கிராம், ரூ. 453. 12 கிண்ணம் போட்டால் ஒன்று ரூ. 37.75, அதில் ரூபி மட்டும் ரூ. 31.25. வெளிறிய சிவப்புதான் கிடைக்கும், ஆனால் சுவை தனித்து நிற்கும். தயிர் குளிர்பெட்டியிலிருந்து நேரே வரக்கூடாது. சில்லென்று இருந்தால் கோகோ வெண்ணெய் உடனே உறைந்து திரிதிரியாகும்.

என் ஓட்டு முந்திரி கத்லிக்கு. அதில் நீர் குறைவு, மேல்முகம் தட்டை, ஒரு முகத்தில் பூசினால் போதும். 30 செ.மீ. சதுரத் தட்டில் பரப்பிய கத்லியின் மேல் 1 மி.மீ. கனத்துக்குப் பூச 90 கன செ.மீ. சாக்லேட் வேண்டும், எடையில் 120 கிராம்.

முந்திரி 500 கிராம்: ரூ. 500
சர்க்கரை 220 கிராம்: ரூ. 10
ரூபி 120 கிராம்: ரூ. 300
பாத்திரத்திலும் கரண்டியிலும் ஒட்டும் ரூபி 6 கிராம்: ரூ. 15
ஏ.சி. 3 மணி நேரம், 4 யூனிட், யூனிட் ரூ. 8: ரூ. 32
மொத்தம்: ரூ. 857

கூலியும் எரிவாயுவும் பெட்டியும் தனி. கத்லியில் தங்கும் நீரையும் சேர்த்து எடை 860 கிராம், 3 செ.மீ. சதுரமாக வெட்டினால் 100 துண்டு, துண்டு ரூ. 8.57. கிலோவுக்குப் பார்த்தால் ரூ. 997. பூச்சு இல்லாத கத்லி இதே கணக்கில் கிலோ ரூ. 689. கிலோவுக்கு ஏறக்குறைய 308 ரூபாய் கூடுதல் செலவில் மேல்முகம் முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடுகிறது. ஒரு கேக்கின் மாவில் அடித்துக்கொண்டு போன ரூ. 375-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே பிஸ்தா தூவினால் பச்சையும் சிவப்பும் அழகாகச் சேரும். ரோஜாவும் குல்கந்தும் வேண்டாம் என்பேன். ரூபியின் மெல்லிய புளிப்பை அந்த வாசனை விழுங்கிவிடும். ஏலக்காய் ஒரு சிட்டிகைக்கு மேல் போனாலும் அப்படித்தான்.

ஏ.சி. ஆடம்பரம் இல்லை. ரூபியை 45 டிகிரியில் உருக்கி, டெம்பரிங் செய்து, 29 டிகிரி அருகில் வைத்துப் பூசவேண்டும். சென்னையில் மே மாத அறை வெப்பமே அதைத் தாண்டிவிடும். பூசிய கத்லி பளபளப்பில்லாமல் வெள்ளை படர்ந்து போனால் ரூ. 32 மிச்சம் பிடித்து ரூ. 300-ஐத் தொலைத்ததாகும்.

கடைசியாக வாங்கும் அளவு. 2.5 கிலோ பை ரூ. 6,250, ஆயுள் தயாரித்த நாளிலிருந்து 12 மாதம். இறக்குமதியாகி வருவதற்குள் அதில் சில மாதம் கழிந்திருக்கும். முழுசாக ஒரு வருடம் கிடைத்தாலும், மாதம் ஒரு தட்டு கத்லி செய்பவருக்கு வருடத்துக்கு 126 கிராம் வீதம் 1,512 கிராம்தான் தேவை. மிஞ்சும் 988 கிராம், ரூ. 2,470, நிறம் வெளிறிக் கிடக்கும். இவருக்குச் சிறு பொட்டலம் கிலோ ரூ. 4,100 விலைக்கு வாங்கினாலும் நட்டமில்லை. ஆனால் பிரித்துக் கட்டிய பொட்டலம் ஒளி புகும் பிளாஸ்டிக்கில் இருந்தால், விலை எவ்வளவு மலிந்தாலும் வாங்கவேண்டாம். சேர்மானப் பட்டியலில் கோகோ வெண்ணெய் இருக்கிறதா, ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பும் நிறமியும் இருக்கின்றனவா என்றும் படித்துவிடுங்கள்; கிலோ ரூ. 350-க்குக் கிடைக்கும் இளஞ்சிவப்பு காம்பவுண்டையும் சிலர் ரூபி என்றுதான் அழைக்கிறார்கள்.