மனோவசியம் பிழைப்புக்கு ஆகுமா?



சென்ற மாதம் விருத்தாசலத்தில், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இளைஞர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். பீங்கான் பட்டறையொன்றில் வேலை செய்பவர். "சாமி, ஹிப்னாடிசத்தைப் பத்தே நாளில் கற்றுத் தருகிறார்களாம்; சான்றிதழும் உண்டாம். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துச் சேரலாமென்று இருக்கிறேன். இது பாவமாகுமா? இதில் பிழைக்க முடியுமா?" என்றார்.

முதற் கேள்விக்கு விடை எளிது. 1957 பிப்ரவரியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மருத்துவர் சிகிச்சையின் பொருட்டு, அறிவியலும் மருத்துவ அறநெறியும் விதிக்கும் எச்சரிக்கையோடு இம்முறையைக் கையாளலாம் எனத் தெளிவுபடுத்தினார். எனவே முறையோடு செய்யுமிடத்துப் பாவமன்று.

இரண்டாவது கேள்விக்கு ஒரு வரலாற்றையே விடையாகக் கூறினோம். இக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர் நம் நாட்டுக் குருவானவரே! 1756-இல் கோவாவின் கண்டோலிம் சிற்றூரில் பிறந்த அபே ஃபரியா அவர்கள், உரோமையில் பயின்று 1780-இல் குருப்பட்டம் பெற்றார். 1813-இல் பாரிசு மாநகரில் கட்டணம் பெற்று அறிதுயில் வகுப்புகள் நடத்தினார். உடலினின்று பாயும் காந்த சக்தியே மக்களை உறங்க வைக்கிறது என்று பிறர் கூறிவந்த காலம் அது. அவரோ, "சக்தி என்னிடம் இல்லை; உறங்குகிறவருடைய மனத்திலேயே இருக்கிறது" என்னும் கருத்தை அஞ்சாது போதித்தார். பிற்கால அறிவியல் பெரிதும் அவர் பக்கமே நின்றது. ஆயினும் வாழ்நாளில் அவருக்குக் கிடைத்தது ஏளனமே. நாடக மேடையிலும் எள்ளி நகையாடப்பட்டு, 1819-இல் வறுமையில் மறைந்தார். இன்று பனாஜியில் அவருக்குச் சிலை உண்டு. அன்று அவருக்குப் பிழைப்பு இல்லை!

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. "என்னிடம் சக்தி உண்டு" என்று விற்பவனுக்குக் கூட்டம் சேரலாம். உண்மை கூறுபவனுக்கோ வேறொரு கல்வி கையிலிருக்க வேண்டும். இன்றும் மனநல மருத்துவரும் மருத்துவ உளவியலாளரும் பல்லாண்டு பயின்ற பின்னரே இதனை ஒரு துணைக்கருவியாகக் கையாளுகின்றனர். வலி, அச்சம், பதற்றம் ஆகியவற்றில் சிலருக்கு இதனால் பயனுண்டு. ஆனால் தலைவலியென்று வருபவருக்கு மூளையில் கட்டி இருந்தால், பத்து நாள் பயின்றவர் அதை எங்ஙனம் அறிவார்? மறந்த நினைவுகளைத் தோண்டுவதாகக் கூறி, நடவாததை நடந்ததாக நம்பவைக்கும் ஆபத்தும் உண்டு. அதனால் குடும்பங்களே சிதையக்கூடும்.

"தம்பி, ஈரம் உலராத பொம்மையைச் சூளையிலிட்டால் என்னவாகும்?" என்று கேட்டோம்.

"வெடித்துவிடும், சாமி."

"மனித மனம் மண்ணினும் மெல்லியது. உமக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், முதலில் உளவியல் பட்டப்படிப்பில் சேரும். காலம் பிடிக்கும், ஆனால் நிலைக்கும்" என்றோம்.

அவர் மறுமொழி கூறாமல் சென்றார். அடுத்த ஞாயிறு அவருடைய தாயார் நற்கருணை வாங்க வந்தார். சங்கிலி கழுத்தில் இருந்தது.