ஓட்டம் சோறு போடுமா?

"புள்ள நல்லாத்தான் ஓடுறான் சார். ஆனா, ஓட்டம் சோறு போடுமா?"

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் விளையாட்டுப் போட்டி முடிந்ததும் ஆசிரியர்களிடம் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்ற குடும்பம், பிள்ளையின் எதிர்காலத்தைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்கும். முதலாவதாக வந்ததற்கு ஒரு கிண்ணம் கிடைக்கும். அது அலமாரியில் ஏறி உட்காரும். அப்புறம்?

இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே தோ பாயோவில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலைக்கும் போகிறார்கள், வாடகைக்கும் இருக்கிறார்கள். அடுக்குமாடி வீடுகள், மார்க்கெட், நீச்சல் குளம், நூல்நிலையம் என்று பார்க்கிற அந்த இடத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1973 செப்டம்பரில் ஏழாவது தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி சிங்கப்பூரில் நடந்தபோது, ஏழு நாட்டு வீரர்களையும் தங்க வைத்தது தோ பாயோவில்தான். புதிதாகக் கட்டி முடித்த வீடுகளை முதலில் வீரர்களுக்குக் கொடுத்து, போட்டி முடிந்த பிறகு குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். போட்டிச் செயலகம் இருந்த கட்டடம் 1974-இல் நூல்நிலையமாயிற்று. நீச்சல் குளமும் அந்தப் போட்டிக்காக வந்ததே.

அந்தப் போட்டியில் பெண்கள் 200 மீட்டர் ஓட்டத்தில் சிங்கப்பூருக்குத் தங்கம் வாங்கித் தந்தவர் குளோரி பர்னபாஸ். பர்மாவின் தான் தான் என்ற வீராங்கனையும் அவரும் கோட்டைத் தொட்டபோது யார் முந்தினார் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. புகைப்படத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். அரங்கமே அதிர்ந்தது. சரி, அவருக்குச் சோறு போட்டது எது? பள்ளிக்கூடம். அவர் ஓர் ஆசிரியை. பாடம் நடத்திவிட்டு வந்து ஓடியவர். பதக்கம் வாங்கிய பிறகும் பாடம் நடத்தப் போனவர்.

அவருக்கு முன்னே ஓடிய கனகசபை குணாளன் கதையும் அதேதான். இவர் நம்ம பேராக் மாநிலத்திலிருந்து போனவர். 1942-இல் பிறந்தவர், ஆசிரியர் பயிற்சிக்காகச் சிங்கப்பூர் சென்றார். ஓடப் போகவில்லை; கல்லூரியில் காற்பந்து ஆடிக்கொண்டிருந்தார். அவருடைய கால் வேகத்தைக் கண்டு 1963-இல் ஓட்டத்துக்கு இழுத்து வந்தவர் பயிற்சியாளர் டான் எங் யூன். அப்போது குணாளனுக்கு வயது இருபது, இருபத்தொன்று. இன்றைக்கு அந்த வயசில் ஆரம்பிக்கிறேன் என்றால், "போப்பா, நேரம் கடந்துபோச்சு" என்பார்கள். அடுத்த ஆண்டே, 1964-இல், தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார் மனுஷன்!

1966 பேங்காக் ஆசியப் போட்டியை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் மலேசியாவின் ஜெகதீசனும் சிங்கப்பூரின் குணாளனும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டார்கள். இருவருக்கும் ஒரே நேரம். அங்கேயும் புகைப்படம்தான் பேசியது: தங்கம் ஜெகதீசனுக்கு, வெள்ளி குணாளனுக்கு. ஆசியாவின் மிக வேகமான இரண்டு பேர். இரண்டுமே தமிழ்ப் பெயர்கள். நாடு வேறாக இருந்தாலும் தோட்டத்துத் திண்ணையில் இரண்டு பேருமே நம்ம ஆட்கள்தான்.

வேடிக்கை என்னவென்றால், மலேசியாவுக்கு ஓடிய ஜெகதீசன் படித்தது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில், மருத்துவம். பதினாறு வயதில், 1960-இல், ரோம் ஒலிம்பிக்குக்குப் போனவர். 1968-இல் மெக்சிக்கோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள் அசையவில்லை. அதே மெக்சிக்கோவில் குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அதை சிங்கப்பூரில் யு.கே. ஷியாம் 10.37 என்று ஓடி முறியடிக்க 2001 வரை, 33 ஆண்டுகள் ஆயிற்று. மெக்சிக்கோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது. காற்றின் அடர்த்தி குறைவு, குறுகிய தூர ஓட்டக்காரருக்கு அது கொஞ்சம் துணை செய்யும். செய்தாலும் ஓடியது கால்தானே!

இவ்வளவு ஓடியும் இவர்களுக்குப் பணம் கிடையாதா என்று கேட்பீர்கள். கிடையாது. வாங்கவும் கூடாது! ஓட்டத்துக்குக் காசு வாங்கினால் 'அமெச்சூர்' என்ற தகுதி போய்விடும்; ஒலிம்பிக்கில் கால் வைக்க முடியாது. அமெரிக்காவின் ஜிம் தோர்ப் 1912-இல் இரண்டு தங்கம் வென்றவர். முன்பு பேஸ்பால் ஆடச் சின்னச் சம்பளம் வாங்கினார் என்று சொல்லிப் பதக்கங்களைப் பிடுங்கினார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சட்டம் சுமையில்லை. கூலிக்காரன் மகனுக்கு அது வாசலிலேயே போட்ட பூட்டு என்பது என் கருத்து. ஓடியவர்கள் பெரும்பாலும் ஆசிரியராகவோ, போலீசாகவோ, பட்டாளத்திலோ இருந்தது இதனால்தான். ஜெகதீசன் டாக்டரானார், குணாளன் இங்கிலாந்தின் லஃப்பரோவில் உடற்கல்வி படித்துவிட்டு வந்து கற்பிப்பதைத் தொடர்ந்தார்.

1980-களில் பூட்டு தளர்ந்தது. 1993 உலகப் போட்டியில் வென்றவர்களுக்குக் கார் கொடுத்தார்கள். 1997 முதல் பரிசுப் பணம்.

இப்போது சாந்தி பெரேராவைப் பார்ப்போம். சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளியில் படித்து, பிறகு சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 2015-இல் தென்கிழக்காசியப் போட்டி 200 மீட்டரில் தங்கம் வென்றார். குளோரி பர்னபாசுக்குப் பிறகு அந்தத் தங்கத்தை வாங்க ஒரு சிங்கப்பூர்ப் பெண்ணுக்கு 42 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன! அரசாங்கம் விளையாட்டு உதவித்தொகை கொடுத்தது. அப்புறம் காயம், சோர்வு, நேரம் குறையவில்லை. 2018-இல் உதவித்தொகையும் நின்றது.

இந்த இடத்தைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். மாதச் சம்பளம் போல வந்த பணம், கால் சறுக்கினால் நின்றுவிடும். அந்த நேரத்தில் அவர் கையில் படிப்பு இருந்தது. பயிற்சியை விடாமல், பட்டத்தையும் முடித்தார். 2023-இல் உதவித்தொகை மீண்டும் கிடைத்து, முழுநேர ஓட்டக்காரரானார். அந்த ஒரே ஆண்டில் தென்கிழக்காசியாவில் இரண்டு தங்கம், ஆசியச் சாம்பியன் போட்டியில் இரண்டு தங்கம், ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் 200 மீட்டர் தங்கம், 100 மீட்டர் வெள்ளி. ஆசியப் போட்டித் தடகளத்தில் 1974-க்குப் பிறகு சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அங்கே தனிநபர் தங்கத்துக்கு 200,000 வெள்ளி பரிசு. அதில் ஐந்தில் ஒரு பங்கு சங்கத்தின் பயிற்சிச் செலவுக்குப் போகும். குணாளன் காலத்தில் யாரும் கனவுகூடக் காணாத தொகை.

ஆனால் ஒரு நாட்டில் எத்தனை சாந்தி? இந்தக் கணக்கையும் மறைக்கக் கூடாது. நூறு பிள்ளைகள் ஓடினால் ஒன்றுக்கு மாநிலச் சட்டை கிடைத்தாலே பெரிது. அதனால் "படிப்ப வுடு, ஓடு" என்று நான் சொல்ல மாட்டேன். "ஓட்டத்த வுடு, படி" என்பதும் சரியில்லை. மேலே சொன்ன அத்தனை பேருமே இரண்டையும் சேர்த்துப் பிடித்தவர்கள்.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. பள்ளிப் போட்டியிலிருந்து மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏறலாம். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996 முதல் இருக்கிறது. ஜொகூரில் பண்டார் பெனாவாரிலும் ஒன்று உண்டு. தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி பெறலாம். கிண்ணத்தைத் துடைத்து வைப்பதோடு நிற்காமல், பிள்ளை எத்தனை விநாடியில் ஓடினான் என்று ஆசிரியரைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே தூரத்தை ஓடவைத்துப் பாருங்கள். நேரம் குறைந்திருந்தால் மாவட்டத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். போக வண்டிச் செலவு இல்லையென்றால், திருவிழாவுக்கு வசூல் பண்ணுகிற கோயில் கமிட்டியிடம் கேட்டால் என்ன? மகளாக இருந்தாலும் கேளுங்கள்.