பின்னால் எறி, முன்னால் ஓடு!



நமக்கு கிரிக்கெட் தெரியும், கபடி தெரியும். ரக்பி தெரியுமா? எனக்கும் தெரியாது. ஒரு நாள் கடையில் வடை மடித்துக் கொடுத்த பேப்பரில் ஒரு படம் பார்த்தேன். முட்டை மாதிரி நீளமான பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அக்கா ஓடுகிறார். கீழே 'இந்திய மகளிர் ரக்பி அணி' என்று போட்டிருந்தது. நம்ம நாட்டுப் பொண்ணுங்களா! எண்ணெய்க் கறையோடு அந்தப் பேப்பரை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். பிறகு நூலகத்தில் படித்ததையும், பி.டி. சாரிடம் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ரக்பி என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே 1823-ல் வெப் எல்லிஸ் என்ற மாணவன் கால்பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, அந்தப் பள்ளியின் பெயர்தான் விளையாட்டுக்கும் பெயராகிவிட்டது.

இந்தியாவுக்கு இது எப்போதோ வந்துவிட்டது. 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் விளையாடினார்கள். அடுத்த ஆண்டே ஒரு கிளப் தொடங்கினார்கள். ஆனால் நம்ம ஊர் வெயிலுக்கு அது ஒத்துவரவில்லை. டென்னிஸ், போலோ பக்கம் போய்விட்டார்கள். கிளப்பைக் கலைத்தபோது வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். மூடியில் யானை, மூன்று கைப்பிடியும் நாகப்பாம்பு! 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது இந்த 'கல்கத்தா கோப்பை'க்காகத்தான்.

சரி, எப்படி விளையாடுவது? ஒரு அணியில் 15 பேர், 80 நிமிடம். 7 பேர் விளையாடும் சின்ன ஆட்டமும் உண்டு. அதுதான் 2016 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. பந்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்னால் எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ இருப்பவருக்குத்தான் எறிய வேண்டும். எதிரணி கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் 'ட்ரை', 5 புள்ளி. பந்து வைத்திருப்பவரைக் கபடி மாதிரி பிடித்துச் சாய்க்கலாம். கழுத்தைப் பிடித்தால் தப்பாட்டம்.

பின்னால எறிஞ்சா எப்படி முன்னால போக முடியும் என்று என் தம்பி கேட்டான். எங்கள் வீட்டுத் தறியைக் காட்டினேன். நாடா இடது வலதாகத்தான் போகிறது, முன்னால் போவதே இல்லை. ஆனால் சேலை முழம் முழமாக வளருதே! ரக்பியும் அப்படித்தான். கை மாறிக்கொண்டே இருந்தால் அணி முன்னேறும்.

இப்போது நம் அக்காக்கள் விஷயம். இந்தியப் பெண்கள் 15 பேர் கொண்ட சர்வதேச ஆட்டத்தை முதன்முதலாக ஆடியது 2018-ல்தான். அடுத்த ஆண்டே, 2019 ஜூனில், பிலிப்பைன்ஸில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றார்கள். இரண்டே புள்ளி! அந்த அணியில் இருந்த ஸ்வீட்டி குமாரி பீகாரைச் சேர்ந்தவர். முதலில் ஓட்டப்பந்தய வீராங்கனை. ஒடிசாவின் பழங்குடி மாணவர்கள் 2007-ல் லண்டன் போய், 14 வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் கோப்பையே வாங்கி வந்தார்கள். நம் மாநிலமும் சும்மா இல்லை. 2025-ல் முதன்முதலாக நடந்த ரக்பி பிரீமியர் லீக்கில் ஜெயித்தது சென்னை புல்ஸ் அணி.

இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆறாம் வகுப்பில் கபடி ஆடிய பெண்கள் நாங்கள் பதினோரு பேர். இப்போது ஆடுவது மூன்று பேர். "பெரிய பொண்ணாயிட்டே, இனி என்ன ஆட்டம்? வந்து தார் சுத்து" என்று வீட்டில் சொல்கிறார்கள். நானும் தினமும் தார் சுற்றுகிறேன். அது எங்கள் சாப்பாடு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் விளையாட்டு பீரியடிலும் நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்துதானே இருக்கிறோம்?

போன வாரம் கழிவு நூலைத் துணியில் உருட்டிக் கட்டி ஒரு பந்து செய்தோம். காலையில் தெருவில் பாவு சுருட்டிய பிறகு ஆறு பேர் ஆடினோம். சாய்ப்பது கிடையாது, தொட்டாலே போதும். அப்படியும் ஒரு வகை ரக்பி இருக்கிறது. என் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, "பின்னால எறிடி, பின்னால!" என்று கத்தினார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பீரியடாவது பாதி மைதானத்தைப் பெண்களுக்கு விடுங்கள். பந்து எங்களிடமே இருக்கிறது. தோழிகளே, வெள்ளிக்கிழமை வருகிறீர்களா?



– 9-ஆம் வகுப்பு மாணவி