அடிவானம் இல்லாத சித்திரம்

பூமியின்மீது நின்று சித்திரம் வரைபவனுக்கு அடிவானம் என்றொரு சகாயம் எப்போதும் உண்டு; வீடாயினும் வீதியாயினும், அதன் விளிம்புகள் ஓடிக் கூடும் மறைபுள்ளிகளை அந்தக் கோட்டின்மீது குறித்துக்கொண்டானாகில் பாதி வேலை முடிந்ததாகவே கொள்ளலாம். விண்கலத்தை வரையப் புகுந்தவனுக்கோ நிற்கத் தரையில்லை. மேல், கீழ் என்னும் பேதங்கூட அவன் தானே கற்பித்துக்கொள்ள வேண்டியது. ஆகையால், எதை வரைவது என்பதற்கு முன்பே, எங்கிருந்து பார்ப்பது என்பதை அவன் நிச்சயித்தாக வேண்டும்.

இத்துறையின் முன்னோடியாகிய அமெரிக்கச் சித்திரக்காரர் செஸ்லி பான்ஸ்டெல் கட்டடக்கலை பயின்றவர். கிரைஸ்லர் கட்டடத்துக்கும் கோல்டன் கேட் பாலத்துக்கும் வேலை செய்த அந்தக் கை, பின்னர் ஹாலிவுட்டில் சினிமாப் பின்னணிகளைத் தீட்டி, 1944-ஆம் ஆண்டு 'லைஃப்' பத்திரிகையில், சனிக் கிரகம் அதன் உபகிரகங்களிலிருந்து எவ்வாறு தோன்றும் என்பதைக் காட்டியபோது, அப்படங்கள் நேரில் எடுத்த புகைப்படங்களே என்று மயங்கும்படி அமைந்தமைக்குக் காரணம் வர்ணத்தைவிடக் கணக்கே என்பது என் அபிப்பிராயம். அவர் வரைந்த சந்திர மலைகள் ஊசிமுனைகளாய் நின்றன. பின்னர் சந்திரனுக்குச் சென்ற அப்போலோ யாத்திரிகர் கண்டவையோ மழுங்கிய குன்றுகள். கற்பனை பிசகிற்று, பார்வைக் கோணம் பிசகவில்லை.

இன்று அந்தக் கணக்கில் பெரும்பகுதியைக் கிரிட்டா போன்ற இலவச மென்பொருளே சுமந்துகொள்கிறது. அதிலுள்ள துணைக்கருவியால் மறைபுள்ளியைத் திரையில் நாட்டி, தூரிகை அதனோடு ஒட்டிச் செல்லுமாறு அமைத்துவிட்டால், நடுங்கும் கையும் அப்புள்ளியை நோக்கியே கோடிழுக்கும்.

முதற் பயிற்சிக்கு அப்போலோ கலத்தைச் சிபாரிசு செய்வேன். கூம்பு ஒன்று, அதன் பின்னே உருளை ஒன்று, இரண்டுக்கும் விட்டம் ஏறக்குறைய 3.9 மீட்டர், முழு நீளம் சுமார் 11 மீட்டர், கடைசியில் மணிபோல் விரிந்த எஞ்சின் வாய்: இவ்வளவே அதன் உருவம். ஆயினும் நேர்க்கோடுகளால் ஆன பெட்டியை ஒரு நாழிகையில் வரைந்துவிடும் மாணவன் இங்கே தடுமாறுவான். ஏனெனில் உருளையின் இரு முனைகளும் நீள்வட்டங்களாகத் தோன்றுகையில், ஒவ்வொன்றின் குற்றச்சும், அதாவது குறுகிய அச்சும், உருளையின் நடு அச்சோடு ஒன்றிக் கிடக்க வேண்டும் என்பதும், தொலைவிலுள்ள நீள்வட்டம் அளவில் சிறுத்தாலும் வடிவில் சற்றே உருண்டு தோன்றும் என்பதும் கண்ணுக்கு எளிதில் பிடிபடாத நியமங்கள். குற்றச்சு சிறிது சாய்ந்தாலும் கலம் நசுங்கிய தகர டப்பாவாகிவிடும். உருளையைச் சுற்றி 90 பாகைக்கு ஒன்றாக நான்கு இடங்களில் சிறு உந்துகுழல்கள் கொத்தாக நிற்கின்றன; அவற்றைச் சம இடைவெளியில் வைப்பதாக எண்ணி நீள்வட்டத்தின் சுற்றளவை அடிக்கோலால் அளந்து நான்காகப் பங்கிடுவோர் பலர். இது தவறு; சாய்ந்து தோன்றும் வட்டத்தில் சம இடைவெளிகள் சமமாகத் தோன்றா. இந்தப் பிழையைத் துணைக்கருவி தடுக்காது; அது கோட்டைத் திருத்துமேயன்றிக் கருத்தைத் திருத்தாது.

மற்றொன்று, கலம் நிற்கும் தூரம். பக்கத்தில் மரமோ மனிதனோ இல்லாத வெளியில், கோடுகள் குவியும் வேகமே அதன் அளவுக்கேற்ற தூரத்தைச் சொல்கிறது. மறைபுள்ளிகளைப் படத்தின் விளிம்புக்குள்ளேயே நெருக்கி வைத்தால் கலம் கண்ணுக்கு மிக அருகே நிற்பதாகத் தோன்றும். அவற்றைத் தாளுக்கு வெகுதூரம் வெளியே தள்ளிவிட்டாலோ அதே கலம், தொலைவிலிருந்து காண்பதாகத் தோன்றும். மறைபுள்ளிகளில் ஆணியடித்து நூல் கட்டிய காலத்தில் மேஜை போதாமல் திண்டாடினார்கள். திரையில் அந்தச் சங்கடம் இல்லை.

தூரத்துப் பொருளை நீலம்பாய்ச்சி மங்கலாக்கும் உபாயமும் இங்கே செல்லாது. காற்றில்லாத இடத்தில் அருகும் தொலைவும் ஒரே தெளிவுடையன. 1971-இல் அப்போலோ 14 பயணத்தில் விண்வெளி வீரர்களான ஷெப்பர்டும் மிட்செலும் சந்திரனிலுள்ள கோன் பள்ளத்தின் விளிம்புக்கு மிக அருகே வந்தும் அதைக் காணாமல் திரும்பினார்கள். தூரத்தை மதிப்பிட முடியாத அந்தக் கஷ்டத்தைச் சித்திரக்காரன் தன் படத்தைப் பார்ப்பவர்களுக்குத் தரலாகாது; சாளரம், இணைப்புத் தையல், ஆணிவரிசை போன்ற பழகிய அளவுகளை ஆங்காங்கே இட்டு உதவ வேண்டும்.

கற்க விரும்புவோர் விலையுயர்ந்த மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம். நாசா வெளியிட்டுள்ள அப்போலோ வரைபடங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதலில் துணைக்கருவியின் உதவியோடும், பிறகு அதை அணைத்துவிட்டு வெறுங்கையாலும் ஒரே கோணத்தில் வரைந்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.