உணவுக் குழலின் நான்கு இடுக்குகள்

தேன்கனிக்கோட்டையில் பிறந்த நமக்குக் களி உண்ணச் சொல்லித்தர வேண்டியதில்லை. ராகிக் களியை உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பாட்டிமார் சிரிப்பார்கள். அவ்வளவு பெரிய உருண்டை வழுக்கிச் செல்லும் வழியில், எங்கள் தோழி ஒருத்தியின் நான்கு வயதுத் தம்பி சென்ற கோடை விடுமுறையில் விழுங்கிய ஒரு ரூபாய் நாணயம் மட்டும் நின்றுவிட்டது. ஏன்?

தொண்டைக்குக் கீழே தொடங்கி இரைப்பையில் முடியும் தசைக் குழாயே உணவுக் குழல். பெரியவர்களுக்கு இதன் நீளம் ஏறத்தாழ 25 செ.மீ. வெறுமையாக இருக்கையில் தட்டையாக ஒட்டிக் கிடக்கும். உணவு வந்தால் விரியும். தசைகள் மேலிருந்து கீழாக அலையலையாகச் சுருங்கி உணவைத் தள்ளுவதால், படுத்துக்கொண்டு விழுங்கினாலும் அது இரைப்பைக்கே போய்ச் சேரும்.

ஆனால் இக்குழல் எங்கும் ஒரே அகலமுடையதன்று. இயற்கையாகவே நான்கு இடங்களில் குறுகுகிறது. மருத்துவர்கள் இத்தொலைவை முன்பற்களிலிருந்து அளப்பர். பெரியவர்களுக்கு முதல் இடுக்கு 15 செ.மீ.யில், குழலின் வாயிலில் உள்ளது. அங்குள்ள வளையத் தசை விழுங்கும் நொடியில் திறக்கும். நான்கில் மிகக் குறுகியது இதுவே. 22 செ.மீ. அளவில் இதயத்திலிருந்து வளைந்து வரும் பெருந்தமனியும், 27 செ.மீ. அளவில் இடது நுரையீரலுக்குச் செல்லும் மூச்சுக் கிளைக் குழலும், நம் சுவரில் சாயும் அண்டை வீட்டாரைப்போல் இதனை அழுத்துகின்றன. கடைசி இடுக்கு, சுமார் 40 செ.மீ.யில், உதரவிதானத்தைக் கடக்குமிடம்.

களி வளைந்து கொடுக்கும், நாணயம் கொடாது. ஓசூரில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் அது கழுத்தடியில் முழுநிலவுபோல் தெரிந்தது. முதல் இடுக்கிலேயே தங்கிவிட்டது! மூச்சுக் குழலில் இருந்திருந்தால் பெரும்பாலும் விளிம்பு மட்டும் கோடாகத் தெரியுமாம். “பொம்மையிலுள்ள பொத்தான் பாட்டரி இல்லையே?” என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வி. பாட்டரியானால் படத்தில் விளிம்பு இரட்டை வளையமாகத் தெரியும். 2 மணி நேரத்திலேயே குழலின் சுவரை அது வேகவைத்துவிடும். நாணயத்துக்குச் சற்றுப் பொறுக்கலாம். காசு இறங்கட்டும் என்று வீட்டில் வாழைப்பழம் கொடுத்திருந்தார்கள். வயிற்றில் உணவு இருந்ததால் மயக்க மருந்து கொடுக்கப் பல மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அந்நேரம் முழுவதும் அவன் எச்சில்கூட விழுங்க முடியாமல் அழுதான் என்று தோழி சொன்னாள்.

பிறகு உள்நோக்கிக் கருவியை வாய்வழியே செலுத்தி நாணயத்தை எடுத்தனர். இக்கலையில் முன்னோடியான அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன் (1865-1958), உணவுக் குழலிலும் மூச்சுக் குழலிலும் சிக்கிய ஊசி, பொத்தான், காசு என 2,374 பொருள்களைச் சேர்த்து வைத்தார். அவை பிலடெல்பியாவிலுள்ள மூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நம் ஊர்க் காசு தோழியின் அப்பாவிடம் இருக்கிறது. தம்பி அதைத் திருப்பிக் கேட்கிறானாம்!